குழுவுக்கு விரித்த பெட்ஷீட்

1

நான் பிரான்சுக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்த அன்று, ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வாழ்த்தெல்லாம் இல்லை. நான் இங்கே வந்து இறங்கிய தேதி என்னைத் தவிர யாருக்கும் நினைவில் இருக்காது. என் மனைவி பர்வீனுக்கே நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். அவள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். நான் திருக்கனூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். அவளைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். ஊரில் இதை ‘மாப்பிள்ளை விசா’ என்பார்கள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

போட்டோவை அனுப்பியவன் என் பெரியத்தா, அதாவது பெரியப்பாவின் மகன். ‘அக்கா ஃபேமஸ் ஆயிட்டாங்க’ என்று கீழே எழுதியிருந்தான். படத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டு. கிராமப்புற சுகாதார நிலையங்களில் கட்டில் எத்தனை, ஆள் எத்தனை, இனிமேல் எவ்வளவு தேவைப்படும் என்று நேரில் பார்க்கச் சட்டமன்றக் குழு ஒன்று கிளம்பி வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையில் நான்கு எம்.எல்.ஏ.க்கள், ஒரு பெண் எம்.எல்.ஏ., பின்னால் ஃபைலும் கையுமாக அதிகாரிகள். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு என் அக்கா ஜெமீலா. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் ஸ்டாஃப் நர்ஸ். ஊர்ப் பெயரை எழுதினால் அவளுக்குத்தான் தலைவலி, விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு கட்டில்கள், வரிசையாக, ஒரு சுருக்கம் இல்லாமல். ஆறிலும் வெள்ளையில் நீலப்பூ போட்ட பெட்ஷீட். அந்தப் பூ எனக்குத் தெரியும். போன தடவை ஊருக்குப் போனபோது அக்கா வீட்டுக்கென்று இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கி, பெட்டியில் அமுக்கிக் கொண்டுபோன பெட்ஷீட்டுகள் அவை.

2

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவளுக்கு நாலு மணி டீ நேரம். எங்கள் பேச்சு எப்போதும் அந்த நேரத்தில்தான்.

“ஏங்கா, அது நான் வாங்கியாந்த பெட்ஷீட்டா?”

“பின்ன? ஆஸ்பத்திரி பெட்ஷீட்ட விரிச்சா மானம் போயிடும்டா. நாலு எடத்துல ஓட்ட. நம்ம வூட்டு பீரோல சும்மாதான கெடந்துச்சி.”

பெட்ஷீட் மட்டும் இல்லை. ஆறு கட்டிலில் இரண்டுக்குக் கால் உடைந்து வருஷக்கணக்காகிறது. பக்கத்து நிலையத்திலிருந்து இரண்டு கட்டிலை டெம்போவில் ஏற்றிவந்து போட்டிருக்கிறாள். இன்னொரு நர்ஸ் செல்வி வீட்டிலிருந்து ஜன்னல் திரை வந்தது, அக்கா வீட்டிலிருந்து பீங்கான் கப்பும் சாசரும் வந்தன. வாசலில் கோலம். “கல்யாண வூடு மாதிரி இருந்துச்சிடா” என்றாள். குரலில் அவ்வளவு பூரிப்பு.

“கூட்டம் எப்படி? செவ்வாக்கிழமைல்ல வந்தாங்க, அன்னிக்கி உங்களுக்கு திருவிழாவாச்சே?”

செவ்வாய்க்கிழமை அங்கே கர்ப்பிணிகளுக்கு மருத்துவப் பரிசோதனை நாள். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களெல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள்.

“அதான்டா எனக்கும் பயம். உக்கார எடமிருக்காது, படிக்கட்டுலலாம் உக்காந்துக்கினு இருப்பாங்க. எம்.எல்.ஏ.ங்க வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? வூடு வூடா போற ஆஷா பொண்ணுங்கள வுட்டு எல்லாருக்கும் போன் போடச் சொன்னேன். புதன்கிழம வாங்கன்னுட்டேன். உறுவையாத்துலேர்ந்து ஒரே ஒரு பொண்ணு, தேன்மொழின்னு, போன எடுக்காம வந்து நின்னுட்டா. அவள மட்டும் பின்னால மோட்டார் ரூம் பக்கம் உக்கார வெச்சேன். ஏழாம் மாசம் அவளுக்கு. வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தா பாவம். குழு போனதும் மொத ஆளா அவளத்தான் பாத்தோம்.”

நான் சிரித்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் வேலையிடத்தில் அந்தப் போட்டோவை எல்லோருக்கும் காட்டினேன். “எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி, என் அக்கா, என் பெட்ஷீட்” என்று மூன்று தடவை சொன்னேன். எங்கள் சூப்பர்வைசர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, நம்முடையதைவிட நன்றாக இருக்கிறதே என்றாள்.

3

என் வேலையைப் பற்றி ஊரில் ஒரு குழப்பம் உண்டு. பாரிசுக்கு வெளியே ஒரு அரசு மருத்துவமனையில், அவசரப் பிரிவில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன் என்பதைச் சொல்லவில்லை. கேட்டவர்கள் அவரவருக்குப் பிடித்த பதவியை எனக்குக் கொடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் நான் பாதி டாக்டர்.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தைகள் இரண்டே இரண்டு. கொம்யூன், மேரி. இரண்டும் புதுச்சேரியில் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் சொல்லிப் பழகியவை. மற்றதெல்லாம் அடிபட்டுக் கற்றதுதான். வேலைக்குச் சேர்ந்த மாதம் ‘பன்னிரண்டாம் கட்டிலை மூடு’ என்று சொன்னார்கள். நான் போய் அதன்மேல் ஒரு போர்வையை இழுத்து நன்றாக மூடிவிட்டு வந்தேன். பார்த்துக்கொள்ள நர்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கட்டிலில் நோயாளியைப் படுக்கவைக்கக் கூடாது, கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதுதான் மூடுவது என்று பிறகு புரிந்தது. மாடியில் மூடிய கட்டில்கள் காலியாகக் கிடக்கும். கீழே நடைபாதையில் என் ஸ்ட்ரெச்சர்களில் வயதானவர்கள் நாள்கணக்கில் படுத்திருப்பார்கள். கட்டில் என்பது இரும்பு இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆள்தான் கட்டில் என்று இங்கே வந்துதான் கற்றேன்.

இதையெல்லாம் தினம் பார்க்கிற எனக்கு, அக்கா திருப்பி அனுப்பிய கூட்டத்தைப் பற்றி எதுவும் தோன்றாமல் போனதே, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

ஐந்தாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. முதல் நாள் மாலை வாத்தியார் எங்களில் ஏழெட்டுப் பேரை எழுந்து நிற்கச் சொன்னார். “நீங்கல்லாம் நாளைக்கி வராதீங்கடா. ஒடம்பு சரியில்லன்னு எழுதிக்கறேன்” என்றார். திட்டவில்லை, தட்டிக்கொடுத்துத்தான் சொன்னார். கணக்கு வராத பிள்ளைகள் நாங்கள். மறுநாள் அத்தாவின் கடையில் உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். காய்ச்சல் என்றார் அத்தா. அவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எடை அளவு பார்க்கும் அதிகாரி வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் கலர் சோடா உடைத்துக் கொடுக்கிற மனிதர் அவர். நாலு பேர் வருகிற இடத்தில் வீட்டுக் குப்பை தெரியக் கூடாது, அவ்வளவுதான் நியாயம். அந்த வருஷம் எங்கள் பள்ளி நல்ல பேர் வாங்கியது. கணக்குக்கு இன்னொரு வாத்தியார் வேண்டும் என்று கேட்க வழியில்லாமல் போனது.

4

போட்டோ வந்து இரண்டு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. அடுத்த சில வாரத்தில் துறையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது.

அக்கா செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். அதுவே என்னைப் பயமுறுத்தியது. வேலையில் இருந்தேன், லிஃப்ட் பக்கம் ஒதுங்கி எடுத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

“செல்விய மாத்திட்டாங்கடா.”

“எங்க?”

“வேற கொம்யூனுக்கு. நம்ம ஆஸ்பத்திரில கூட்டம் கம்மியாம். கட்டிலு காலியா கெடக்குதாம். ரெண்டு நர்ஸு தேவையில்லன்னு போட்டுட்டாங்க. ஒரு ஆள வெச்சி பிரசவ ரூம எப்டிடா தொறந்து வெக்கிறது? சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல பூட்டிடுன்னுட்டாரு மேல இருக்குற பெரிய டாக்டரு.”

குழுவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். ஆறு கட்டில், ஆறும் காலி, விரித்தது கலையாமல். செவ்வாய்க்கிழமைகூட ஆள் இல்லை. நர்ஸ் எங்கே பற்றாக்குறையோ அங்கே மாற்றுங்கள் என்றுதான் எந்தப் புத்திசாலியும் எழுதுவான்.

கோபம் அக்காமேல் வந்தது. “உன்ன யாருகா அவங்கள திருப்பி அனுப்பச் சொன்னது? கூட்டத்தப் பாக்கத்தான அவங்க வந்தாங்க? முப்பது வருஷம் நர்ஸா இருக்க, இதுகூடத் தெரியாதா?” என்று கத்தினேன். லிஃப்டிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா போனை வைத்துவிட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் நான் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை.

5

ஊருக்கு உபதேசம் செய்பவனுக்கு ஆண்டவன் உடனே பரீட்சை வைப்பான் போலிருக்கிறது.

இங்கே அரசு மருத்துவமனைகளின் நிலையை விசாரிக்க நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்திருந்தது. டாக்டர்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு மணிக்கணக்கில் கேள்வி கேட்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும். பர்வீன்தான், “வூட்லயும் ஆஸ்பத்திரியா?” என்று சேனலை மாற்றிவிடுவாள். அந்தக் குழுவிலிருந்து மூன்று பேர் எங்கள் மருத்துவமனைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

அன்று காலையில் சூப்பர்வைசர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். நல்ல பெண்மணி, யாரையும் அதட்டமாட்டாள். நடைபாதையில் இருக்கும் ஸ்ட்ரெச்சர்களை எக்ஸ்ரே பிரிவின் பின்கூடத்துக்கு மாற்றிவிட முடியுமா, வருகிறவர்களுக்கு நடக்க இடம் வேண்டுமே என்றாள். முடியும் என்றேன். பதினோரு ஸ்ட்ரெச்சர். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஏழாவதில் எண்பது தாண்டிய ஒரு அம்மா. எங்கே கூட்டிப்போகிறாய் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இதைவிட வசதியான இடத்துக்கு என்றேன். அந்தப் பின்கூடத்தில் ஜன்னல் இல்லை, கூப்பிட மணி இல்லை. அந்த அம்மாவுக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

குழு வந்தது. பளபளவென்று நீண்ட நடைபாதை. அவர்களில் குட்டை முடி வைத்த ஒரு பெண் உறுப்பினர் மற்றவர்களை முன்னே போகவிட்டு என்னிடம் நின்றார். கைகொடுத்தார். நீங்கள் இங்கே எத்தனை வருஷம், எப்போதும் நடைபாதை இப்படிக் காலியாகத்தான் இருக்குமா என்று கேட்டார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

“ஆமாம் மேடம். எல்லாம் நன்றாக இருக்கிறது” என்றேன்.

சொல்லிமுடித்த அந்த நிமிஷம் எனக்கு உளுந்து மூட்டையின் வாசனை வந்தது. யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அம்மா அங்கே இருக்கவும் இல்லை. விருந்தாளி வந்து நின்றார், வாய் தானாக நடையைத் துடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பர்வீனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் சனாவுக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் பேசினால் காதில் விழாத மாதிரி இருப்பாள், பதிலை பிரெஞ்சில்தான் சொல்வாள். தன் நாளைப் பற்றி அவள் என்னிடம் சொல்வது குறைந்துகொண்டே வருகிறது என்று எனக்கொரு குறை உண்டு. அன்று நோட்டிலிருந்து நிமிர்ந்து, அபூர்வமாகத் தமிழிலேயே கேட்டாள்.

“அவங்க உதவி பண்ணத்தானே வந்தாங்க? நீங்க ஏன் உதவி வேணாம் சொன்னீங்க?”

நான் பர்வீனைப் பார்த்தேன். பர்வீன் ரசத்தை எடுத்துவரப் போய்விட்டாள்.

6

மூன்றாவது ஞாயிறு அக்கா போனை எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினோரு ஸ்ட்ரெச்சர், பின்கூடம், அந்த அம்மா, என் பதில், எல்லாம்.

“உன்மேல கத்துனேன்ல, மன்னிச்சிருக்கா. நானும் அதையேதான் செஞ்சேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சிரிப்பு.

“ஒரே வயித்துல பொறந்த புத்தி, வேற எப்டிடா இருக்கும்?”

“இன்னொண்ணும் சொல்லணும். நான் இங்க ஸ்ட்ரெச்சர்தான் தள்றேன். வேற ஒண்ணும் இல்ல.”

“அது எனக்குத் தெரியாதா? போன தடவ நீ ஊருக்கு வந்தப்ப எங்க ஆஸ்பத்திரில ஆம்புலன்ஸ்லேர்ந்து ஒரு பெரியவர எறக்குனாங்க, நீ ஓடியாந்து கால் பக்கம் புடிச்சி திருப்புன பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சி. சோறு போடுற தொழிலு, அதுக்கு இன்னா வெக்கம்?”

பிறகு அவள் தேன்மொழியைப் பற்றிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை வாளிமேல் உட்கார்ந்திருந்த அதே உறுவையாறு பெண். வீட்டுக்காரர் திருபுவனை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. வலி கண்டது மாலை ஆறு மணிக்கு. பிரசவ அறைக்குப் பூட்டு. அக்கா வீட்டுக்குப் போயாகிவிட்டது. ஆட்டோவில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். போய்ச்சேரவில்லை. ரெயில்வே கேட் மூடியிருந்தபோது, ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் புடவையைப் பிடித்து மறைத்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவன் செயல்.

“புள்ளைக்கி மொத தடுப்பூசி போட நேத்து வந்தாடா. பொம்பளப் புள்ள, அழகா இருக்குது. நான் மொகத்தப் பாக்க முடியாம ஊசியவே பாத்துக்கினு நிக்கிறேன். அவ இன்னா சொல்றா தெரியுமா? ‘பரவால்லக்கா, நீங்க இன்னா பண்ணுவீங்க’ன்றா. அறைஞ்சிருந்தாகூட தாங்கிருப்பேன்டா.”

“இப்ப இன்னா பண்ணப் போற?”

“குழுவுக்கு எழுதப் போறேன். நான்தான் ஆளுங்களத் திருப்பி அனுப்புனேன்னு எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. சட்டமன்றக் குழுவை ஏமாற்றினேன் என்று அரசு ஊழியர் ஒருத்தி தானே எழுதிக்கொடுப்பது சும்மா போகிற விஷயமில்லை. மெமோ வரும். சஸ்பெண்ட் ஆனாலும் ஆகலாம். நிலையத்தின் டாக்டரம்மா இளம் வயது, நல்ல பெண். அவரே, ‘எழுதறது உங்க இஷ்டம் சிஸ்டர், என் பேரை மட்டும் இழுத்துடாதீங்க’ என்று சொல்லிவிட்டாராம்.

இரண்டு வருஷம் பொறுத்துக்கொள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பின்கூடத்தில் விட்டுவந்த அந்த அம்மாவின் கை இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது.

“எழுதுக்கா” என்றேன்.

7

மூன்று நாள் எழுதினாள். அடித்து அடித்துத் திருத்தி எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புவாள். ‘மேன்மை தங்கிய’ என்று ஆரம்பித்து அரைப் பக்கம் வணக்கமே இருந்தது. அதையெல்லாம் எடு, செவ்வாய்க்கிழமை என்ன நடந்ததோ அதிலிருந்து ஆரம்பி என்றேன். ஆஷா பெண்கள் போன் செய்வதற்காக அவளே தன் கையால் எழுதிக்கொடுத்த பெயர்ப் பட்டியல் பத்திரமாக இருந்தது. நாற்பத்திரண்டு பெயர், எத்தனையாவது மாதம், எந்த ஊர் என்பதோடு. அதையும் சேர்த்து அனுப்பினாள்.

ஒரு மாதம் பதில் வரவில்லை. பிறகு தொகுதி எம்.எல்.ஏ. அதைச் சபையில் எழுப்பினார். துறை அதிகாரிகளோடு அக்காவும் குழுமுன் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. அன்று அவளுக்குக் காலை பதினோரு மணி, எனக்கு டியூட்டி ஆரம்பிக்கும் நேரம். அத்தனை ஸ்ட்ரெச்சரையும் எந்தத் திசையில் தள்ளினேன் என்றே தெரியவில்லை. நடந்ததை ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லித்தான் கேட்டேன்.

“பெரிய மேசைடா. மைக்கு. ஏசி வேற. தலைவரு நல்ல மனுசன். ‘பயப்படாதீங்கம்மா, எங்க முன்னாடி காலி வார்டக் காட்டுனீங்களே, ஏன் அப்டி செஞ்சீங்க, யாரு சொன்னது?’ன்னு கேட்டாரு. யாரும் சொல்லல சார்ன்னேன். அதிகாரிங்கள்லாம் என்னையே பாக்குறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“வூட்டுக்கு விருந்தாளி வந்தா பழைய துணியெல்லாம் சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு நல்ல துணி விரிப்போம் இல்ல சார், அந்த நெனப்புல பண்ணிட்டேன். ஆனா நான் தள்ளுனது துணி இல்ல சார், புள்ளத்தாச்சிங்கள. அப்டின்னேன்.”

அந்தப் பெண் எம்.எல்.ஏ. பட்டியலை வாங்கி, நாற்பத்திரண்டு பெயரையும் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாராம். பத்துப் பெயருக்குமேல் முடியவில்லை, நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாராம். பிறகு தலைவர், தாங்கள் வருகிற தேதியை முன்கூட்டிச் சொன்னது தங்கள் தவறும்தான் என்று சொல்லிவிட்டு, துறைக்காரர்கள் பக்கம் திரும்பி ஒரு மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார். எந்தக் கிழமை எவ்வளவு பேர் வருகிறார்கள் என்ற கணக்கைப் பார்க்காமல், கட்டிலை எண்ணி எப்படி ஆள் போடுகிறீர்கள் என்ற கேள்விக்கு, விவரம் பெற்றுச் சமர்ப்பிக்கிறோம் என்று பதில் வந்ததாம்.

சினிமா மாதிரி எல்லாம் சுபமாக முடியவில்லை. அக்காவுக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக்கொடுத்திருக்கிறாள், முடிவு தெரியவில்லை. செல்வி திரும்பி வந்துவிட்டாள், ஆனால் தற்காலிகம் என்று உத்தரவில் இருக்கிறது. பிரசவ அறை மறுபடி ராத்திரி பகலாகத் திறந்திருக்கிறது. மூன்றாவது நர்ஸ் பரிசீலனையில். பரிசீலனை என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் எத்தனை வருஷம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கார் வந்து நின்றதாம். தலைவரும் அந்தப் பெண் எம்.எல்.ஏ.வும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே வர அவர்களுக்கு வழி இல்லை. அக்கா நாற்காலி போடக்கூட எழுந்திருக்கவில்லையாம், கையில் பிரஷர் பார்க்கும் பட்டை. அவர்களும் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம்.

நானும் எழுதினேன். இங்கே மருத்துவமனை ஊழியர்கள் இணையத்தில் குழுவுக்கு எழுதலாம். அன்று உங்களுக்கு நான் சொன்னது உண்மையில்லை என்று தொடங்கி ஆறே வரி. சனா பக்கத்தில் உட்கார்ந்து என் பிரெஞ்சில் ஒன்பது பிழை கண்டுபிடித்தாள். திருத்தி முடித்து, “இப்போ சரி, அத்தா” என்றாள். அவள் இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிறது. நான் பின்கூடத்தில் விட்டுவந்த அந்த அம்மாவை மாடி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருநாள் டியூட்டி முடிந்து போய்ப் பார்த்தேன், அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

8

ஜூலையில் ஊருக்கு வருகிறோம், மூன்று வருஷம் கழித்து. போன ஞாயிறு அக்காவிடம் சொன்னேன்.

“பெட்ஷீட் ஆறும் இன்னும் வூட்லதான் இருக்குது. தொவச்சி மடிச்சி வெச்சிருக்கேன். நீ வரும்போது விரிக்கிறேன். செவுத்துக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிருக்கேன்டா.”

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் நான் நான்கு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். நான்கு தடவையும் சுவர் புதுசாக இருந்தது. பிரியாணி இருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததை, முடிந்து ஐந்து மாதம் கழித்து ஏதோ பேச்சில்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் அக்காவிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், நல்லா இருக்கேன் என்கிறாள். நானும் நம்பி, நிம்மதியாக, வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். தேதி சொல்லிவிட்டு வந்து, விரித்து வைத்ததைப் பார்த்து, போதுமானதாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போகிறவன்தானே நானும்.

“சுண்ணாம்பெல்லாம் வேணாம்கா. பெட்ஷீட்டும் வேணாம். எப்பவும் படுக்குற பாய்லயே படுத்துக்கறோம்.”

“போடா. உன் பொண்டாட்டி இன்னா நெனப்பா?”

“அக்கா, நீ எப்படி இருக்க?”

“எனக்கின்னாடா, நல்லா இருக்கேன்.”

“குழுகிட்ட சொன்னியே, அந்த மாதிரி சொல்லு.”

போனில் அவர்கள் தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. அது போய் அடங்கியது.

“முட்டி ரெண்டும் போச்சிடா” என்றாள். “உக்காந்தா எழுந்திரிக்க முடியல. ஒரு வருசமா தொழுகை நாற்காலிலதான். அம்மாவுக்கும் இப்பல்லாம் மறதி சாஸ்தியாயிடுச்சி, போன வாரம் என்னையே யாருன்னு கேட்டுச்சி. உன்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு சொல்லல.”

“இன்னும் சொல்லு” என்றேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று எங்கள் பேச்சு ஒன்றரை மணி நேரம் போனது.